நூற்று நாற்பத்தொன்று

ஜூன் 9, ஞாயிறு

ஒரே நோட்டில் இரண்டு எடைகளையும் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இவருடைய எடையை வாராவாரம் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் தூக்குகிற எடையைத் தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள் ஜிம் நடத்தும் பெனிட்டா. இரண்டு நோட்டு போட்டால் ஒன்று நிச்சயம் தொலையும். எனக்கு என்னைத் தெரியும்.

இன்று நான் தூக்கியது 75 கிலோ. இவர் 66.

இவருக்கு நிற்க வராது. அதனால் முதலில் நான் மட்டும் எடை மெஷினில் ஏறுவேன். பிறகு இவர் கக்கத்தில் கை கொடுத்து, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு ஏறுவேன். மொத்தத்தில் என்னைக் கழித்தால் இவர். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. கட்டிலிலிருந்து மெஷினுக்கு இரண்டு அடிதான், அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராகக் கத்தித் தீர்த்த அற்புதராஜ் சாருக்கு இப்போது மிச்சம் இரண்டே சொல், 'தூக்கு', 'போதும்'. உதவிக்கு வைத்த ஆட்கள் மூன்று பேரும் இடுப்பு வலி என்று போய்விட்டார்கள். அப்புறம்தான் தெருமுனை ஜிம்மில் ஏறிப்போய், "எம்மா, ஒரு ஆளை இடுப்பு பிடிக்காம எப்படித் தூக்கணும்னு எனக்குச் சொல்லித் தா" என்றேன். பெனிட்டா சிரிக்கவில்லை. தரையில் கிடந்த இரும்புக் கம்பியைக் காட்டி, "இத நிமிந்து தூக்கப் படிங்க ஆன்ட்டி. மனுசனையும் தூக்கிரலாம்" என்றாள். அதற்குப் பெயர் டெட்லிஃப்ட்.

அன்று எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இப்போது அறுபது.

ஜூலை 14, ஞாயிறு

நான் 85. இவர் 56.

பெனிட்டா கம்பியைச் சுற்றி வந்து அதில் மாட்டியிருந்த இரும்பு பிளேட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள். "ஒரு மாசத்துல பத்து கிலோ கூட்டிட்டிய. என்னத்த சாப்பிடுதிய ஆன்ட்டி?"

"நீ சொன்ன முட்டைதான்."

இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இப்போது பெரிய பாடாக இல்லை. நோட்டைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. சட்டை பழைய அளவுதான், தொந்தியும் அப்படியே, நாலு இட்லி குறையாமல் இறங்குகிறது. "மெஷினை மாத்துங்கம்மா" என்றார். மெஷின் என்னை மட்டும் சரியாகத்தான் காட்டுகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான் 92.5. இவர் 48.5.

தலையணை உறை மாற்றும்போது கவனித்தேன். இவர் ராத்திரி முழுக்கத் தலை வைத்திருந்த தலையணை, கடையில் வாங்கியது போல உப்பியே இருந்தது. புதுப் பஞ்சு. அப்படித்தான் இருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நூறு!

முழுசாக நூறு கிலோ. கம்பி தரையை விடும்போது ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம், உலகம் நம்மை முறைத்துப் பார்க்கிறது. பிறகு அது வரும். முழங்காலைத் தாண்டும். நிமிர்ந்துவிடுவோம். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சை அடுத்தவருக்கு இணைத்துக் கொடுத்தவள் நான். இந்த நூறு கிலோ என்னுடையது. ஜிம்மில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள், நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரியில் போட்டி இருக்கிறதாம், அறுபதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு. நம் மாவட்டத்தில் அந்தப் பிரிவில் யாரும் 135 தாண்டியதில்லை என்றாள் பெனிட்டா. "நாம நூத்தி நாப்பது எழுதுவோம் ஆன்ட்டி."

வழக்கம்போல நோட்டை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "நான் நூறு. நீங்க நாப்பத்தொண்ணு." இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். கோணிய வாய் கொஞ்சம் நேரானது போல இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

டேபிள் ஃபேனை இவர் பக்கம் திருப்பினேன். சக்கர நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரில் போய் நின்றது. பிரேக் போட மறந்திருப்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நான் 107.5. இவர் 33.5.

குளிக்க வைக்கும்போது தோளில் ஒரு குவளை ஊற்றினால் அந்தப் பக்கம் சாய்கிறார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊற்றினேன். இவருக்கு இது பிடித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றில் மிதக்கிற மாதிரி இருக்கிறார்.

பிறகு இரண்டு எண்களையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முந்தைய பக்கங்களையும் புரட்டினேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

ஜிம்முக்குப் போனேன். 110.

நவம்பர் 5, செவ்வாய்

காய்ச்சல். விடாத மழை. தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஜிம் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டு வாரம் படுத்ததற்கு நான் 90தான். இவர் 51.

காலையில் "தூக்கு" என்றார். கை கொடுத்தேன், பாதியில் முட்டி மடங்கிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டோம். இவர் உடம்பு மெத்தையில் அமுங்கியது. இவர் அமுங்கிய இடத்தை இடது கையால் தடவிப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

ஐம்பத்தொன்று என்று எழுதும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. புருஷனுக்கு உடம்பு தேறினால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு வரவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நான் 115. இவர் 26.

மாலையில் இவரை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கையில் இவர், மறுகையில் காயப்போட வேண்டிய துணி வாளி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு கடலைப் பார்க்கிறார். காற்று பலமாக வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்திருந்தவரின் சட்டையை நான் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதப் போவதில்லை.

ஜிம்மிலிருந்து ஐந்து கிலோ பிளேட் இரண்டு இரவல் வாங்கி வந்தேன். பழைய துணியில் பை தைத்து இவர் இடுப்பில் கட்டியாயிற்று. எடை பார்க்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன். பெனிட்டா எதற்கென்று கேட்டாள். வீட்டில் பழக என்றேன்.

டிசம்பர் 27, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு மகள் ஷைனி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். பேங்கில் ஆடிட் வேலை. தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளிடம் நோட்டை ஒளித்து வைக்காதது என் மடத்தனம்.

"அப்பா இருபத்து மூணு கிலோவா? எம்மா, மெஷின் செத்துப்போச்சு."

அவளே போய்ப் புது மெஷின் வாங்கி வந்தாள். நான் இவரைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அதே இருபத்து மூன்று. பிறகு அவளே அப்பாவின் முதுகுக்கும் முட்டிக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். பாரம் இருக்குமென்று வேகமாகத் தூக்கியதில் இவர் அவள் தலைக்கு மேலே போய்விட்டார். அந்த உயரத்தில் இவர் சிரிக்கிறார், பெண் கீழே நின்று நடுங்குகிறாள்.

கட்டிலில் கிடத்திவிட்டு மறுபடி நோட்டை எடுத்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள்.

"எழுபத்தஞ்சும் அறுபத்தாறும் நூத்தி நாப்பத்தொண்ணு. நூறும் நாப்பத்தொண்ணும் நூத்தி நாப்பத்தொண்ணு. காய்ச்சல்ல கெடந்தப்பவும் அதேதான். எல்லா வாரமும் அதே தொகதாம்மா வருது."

"உன்ன யாரு கூட்டச் சொன்னா?"

"நீ கூட்ட கூட்ட அப்பா கொறையிறாங்க. ஒனக்குத் தெரியலையா?"

"கிறுக்குத்தனமா பேசாத. கம்பிக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, நீ நிறுத்து. நூத்தி நாப்பது தூக்கினா மிச்சம் ஒரு கிலோ. அப்பறம் அப்பா எங்க இருப்பாங்க? சொல்லு பாப்போம்."

நிறுத்துகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஜனவரி 3, வெள்ளி

ஷைனியை ரயில் ஏற்றிவிட்டு நேரே ஜிம்முக்குப் போனேன். 120.

ஜனவரி 26, ஞாயிறு

நான் 130. இவர் 11.

போனில் ஷைனிக்கு வேறு எண் சொன்னேன். "நாப்பது ஆயிட்டுட்டி. நல்லா தேறிட்டாங்க." அவள் அழுதாள். நான் போனை வைத்துவிட்டு இவருக்கு நகம் வெட்டினேன். இவர் கை என் உள்ளங்கையில் இருப்பதே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

ஏன் நிறுத்தவில்லை? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். சொந்தமாக ஒன்றை அறுபது வயதில் முதல்முறை ருசி பார்த்திருக்கிறேன், அது ஒரு காரணம். இவரைச் சுமக்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதும்போது கை கூசுகிறது. இவருக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன், பிறகு மறுபடி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். இவரைத் தனியாக விட முடியாது, கூட்டிக்கொண்டு போனேன். சக்கர நாற்காலியோடு சேர்த்து நெஞ்சிலும் தொடையிலும் துப்பட்டாவால் கட்டியிருந்தேன், நாற்காலி நகராமலிருக்கப் பிளேட் பையை அதன் அடியில் தொங்கவிட்டிருந்தேன். மேடைக்கு எதிரே முதல் வரிசை. மேலே சுற்றிய பெரிய ஃபேனை நிறுத்தச் சொன்னேன். "சாருக்குக் குளிருதா?" என்று கேட்டவரிடம் ஆமாம் என்றேன்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதலில் 125. செல்லும் என்று மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கு போட்டார்கள். அடுத்து 132.5. மூன்று வெள்ளை. மண்டபமே கத்தியது. நான் இவரைப் பார்த்தேன். நாற்காலியின் மெத்தை முழுதாக உப்பிவிட்டிருந்தது. துப்பட்டா மட்டும் இறுகி நின்றது.

"நூத்தி நாப்பது எழுதிட்டேன் ஆன்ட்டி" என்றாள் பெனிட்டா.

"கொறைச்சு எழுதும்மா. நூத்தி முப்பத்தஞ்சு போதும்."

"எழுதினத ஏத்தலாம், எறக்க முடியாது. அதான ரூலு, நான்தான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கம்ல? தைரியமா போங்க."

பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நிமிஷத்துக்குள் தூக்க வேண்டும். மேடையில் ஏறாமலே இருந்திருக்கலாம், செல்லாது என்று சிவப்பு விளக்கோடு போயிருக்கும். கால் தானாக ஏறியது. பொய் எழுதுவானேன், நான்தான் ஏறினேன். குனிந்து பிடித்தேன்.

எப்போதும் வருமே, ஒன்றுமே நடக்காத அந்தக் கணம், அது வரவில்லை. கம்பி கூடவே எழுந்து வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றேன். கையில் எடையே இல்லை. நூற்று நாற்பது கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஈரத்துணி பிடித்திருக்கிற அளவுகூட இல்லை.

எதிரே இருந்த நடுவர் கையை உயர்த்தி வைத்திருந்தார். அந்தக் கை இறங்கி 'டவுன்' என்று அவர் சொன்ன பிறகுதான் கீழே வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் செல்லாது.

இவரைப் பார்த்தேன். இவருக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. துப்பட்டா முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்துகொண்டிருந்தன. யாரும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் என் மேல். இவர் முகத்தில் கோணல் இல்லை. இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பார்த்த முகம். விழுந்த வலது கையைத் தூக்கி எனக்கு ஆட்டினார். போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஜன்னலில் ஆட்டுவார்களே, அப்படி.

நடுவரின் கை இறங்கவில்லை. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது.

நான் கம்பியை விட்டுவிட்டேன்.

சத்தத்தில் மேடை அதிர்ந்தது. அதே நேரம் முதல் வரிசையில் இன்னொரு சத்தம். நாற்காலி மெத்தை புஸ்ஸென்று காற்றை விட்டது, ஒரு பக்கச் சக்கரம் கோணிக்கொண்டது. மூன்று சிவப்பு விளக்கு. பெனிட்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு செகண்டு ஆன்ட்டி. இன்னும் ஒரே ஒரு செகண்டு நின்னிருக்கப்பிடாதா?"

நான் ஓடிப்போய் இவரைக் கட்டிக்கொண்டேன். தூக்கப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. அப்படியே அவர் மடியில் தலை வைத்து ஊரே பார்க்க அழுதேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு கை கொடுத்தார். எடை பார்த்தோம். இவர் 66.

பிப்ரவரி 19, புதன்

சாப்பிட மாட்டேன் என்கிறார். ஸ்பூனை இடது கையால் தட்டிவிடுகிறார். முகம் சுவர் பக்கம். மெத்தையில் இவர் படுத்த இடம் குழியாகிவிட்டது, அந்தக் குழிக்குள்ளிருந்து இவரால் புரளக்கூட முடியவில்லை. முதுகில் புண் வருமோ என்று பயமாக இருக்கிறது.

ஜிம்மில் 75க்கு மேல் ஒரு இம்மி நகரவில்லை. பெனிட்டா நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் இவரைத் தூக்க நானே குனிந்தேன். இவர் எப்போதும் இடது கையை என் கழுத்தில் போடுவார், இன்று போடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் யாராவது பேசித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது.

"இங்க பாருங்க. ஷைனி கண்டுபிடிச்சது டிசம்பர்ல. எனக்கு அக்டோபர்லயே தெரியும். நீங்க கொறையிறது என்னாலதான்னு தெரிஞ்சேதான் தூக்கினேன். மறுநாளே போய் நூத்திப்பத்து தூக்கினேன். நான் நல்லவ இல்ல."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கம்பிய விட்டது உங்களுக்காகன்னு நெனைக்காதிய. நீங்க டாட்டா காட்டினிய. போறதுக்கு உங்களுக்கு இஷ்டம்னு தெரிஞ்சுது. எனக்குத்தான் மனசு வரல. காலைல எந்திரிச்சா இந்தக் கட்டில்ல ஒரு ஆளு கெடக்கணும் எனக்கு. அதான் விட்டேன்."

தலை மெதுவாகத் திரும்பியது. வாய் கோணி, உதடு நடுங்கி, ஒரு சொல்லைத் தேடினார். இரண்டு வருஷமாக நான் கேட்காத சொல்.

"எனக்கும்."

"என்ன உங்களுக்கும்?"

"தெரியும்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, இடது கை விரலால் காற்றில் இரண்டு எண் எழுதி, கீழே கோடு போட்டு, கூட்டிக் காட்டினார். கரும்பலகையில் போடுவாரே, அதே கோடு. ஒவ்வொரு ஞாயிறும் நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது யாருக்கு? ஒரு கணக்கு வாத்தியாருக்கு. முதல் மாதமே கூட்டியிருப்பார். கூட்டிவிட்டுத்தான் தினமும் காலையில் என்னைப் பார்த்து "தூக்கு" என்றிருக்கிறார்.

நான் ரொம்ப நேரம் அழுதேன். இவரும் அழுதார். பிறகு முந்தானையால் இரண்டு முகத்தையும் துடைத்துவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"மறுபடியும் தூக்கவா?"

இவர் என்னைப் பார்த்தார், கட்டிலின் குழியைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். இடது கையை எடுத்து என் கழுத்தில் போட்டார். கை நல்ல பாரமாக இருந்தது.

"மெதுவா" என்றார்.

நாளை 76. அதற்கு மேல் ஒரு மாதத்துக்குக் கிடையாது.